கரிசலில் நட்ட கம்பங்கள்

அத்தியாயம் 17

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. மாடி அறையில் ரயில் மறுபடியும் திருச்சுழியைத் தாண்டியதும் கவிழ்ந்தது.

இன்ஜின் போய்விட்டது. பின்னால் வந்த முதல் பெட்டி மின்கம்பத்தில் உரசி, சாய்ந்து, கண்மாய்க்கரைச் சரிவில் படுத்துக்கொண்டது.

அருண்பாண்டியன் போனை இறக்கினான். "அப்பா, இப்படியே போனா மாமனார் வீட்ல காட்டுறதுக்கு விபத்து வீடியோதான் இருக்கும்."

ராஜகுரு சிரித்தார். பெட்டியைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தார். சக்கரம் பொருந்தவில்லை. எடுத்து மறுபடி வைத்தார். மகள் மாரிக்கனி கை நீட்டுவதற்குள் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது.

"கரிசல்ப்பா," என்றார். "காஞ்சா சும்மா இருக்குமா? கம்பத்தை இழுத்துப்புடுச்சு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தரைக்கு அவர் பெயின்ட் அடிக்கவில்லை. பாளையம்பட்டிக் காட்டிலிருந்து நிஜக் கரிசல் மண் கொண்டு வந்து, அம்மாவின் ரவைச் சல்லடையில் சலித்து, பசைத் தண்ணீரில் குழைத்துப் பூசியிருந்தார். காய்ந்ததும் அது காடு வெடிப்பதுபோலவே வெடித்தது. மயிரிழை வெடிப்புகள். எல்லாவற்றையும் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிய அந்த உலகத்துக்கு வெடிப்பின் அளவும் சரியாக இருந்தது. அன்றைக்கு அப்பா வீட்டிலிருந்த எல்லோரையும் மாடிக்கு அழைத்துக் காட்டினார்.

பொம்மை ரயில் மட்டும்தான் கடையில் வாங்கியது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அருண் தீபாவளிக்கு வாங்கி வந்தான். மற்றதெல்லாம் அப்பா செய்தவை. பஜாரில் நூல் கடை வைத்திருப்பவருக்குக் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. அதைச் சாயம் தோய்த்து, நறுக்கி, செம்புக்கம்பியில் சுற்றினால் சீமைக்கருவேல மரம். நெளி அட்டையில் சாம்பல் பூசினால் தறிக்கூடத்தின் கூரை. வெயிலில் மேயும் ஆடுகள் எல்லாம் பொன்னி அரிசி. கறுப்பும் செம்பட்டையுமாய்ச் சாயம் பூசிய அரிசி.

இடது கோடியில் அருப்புக்கோட்டை. நடுவில் திருச்சுழி. வலது கோடியில் நரிக்குடி. அந்த நரிக்குடியிலிருந்துதான் இப்போது பெண் வருகிறாள்.

"உங்க ஊர்ல ஏறி எங்க ஊர்ல இறங்குற மாதிரி ஒரே ஓட்டமா எடுத்து அனுப்புங்க" என்று ப்ரியா போனில் கேட்டிருந்தாள். நாளைக்கு அதைத்தான் பெரிய திரையில் போடப் போகிறார்கள்.

"நான் கடைக்குப் போயிட்டு வந்து சரி பண்றேன்," என்று ராஜகுரு எழுந்தார். ஸ்டூலின் இடது பக்கம் தரையில் இருந்த டம்ளர் காலில் இடறி உருண்டது. நல்லவேளை, அதில் காபி இல்லை.

அருண் தங்கையைப் பார்த்தான். "நீயாவது இதை என்னன்னு பாரேன் கனி. பிசிக்ஸ் படிச்சியே."

"சாயங்காலத்துக்குள்ள பாக்குறேன்," என்றாள் அவள்.

*

கீழே சண்டையின் மிச்சம் நடந்துகொண்டிருந்தது.

நேற்று மாலை ஆரம்பித்தது அது. பெண் வீட்டுக்கு முதன்முதலாகத் தட்டு கொண்டு போகும்போது தாய்மாமன் முன்சீட்டில் உட்கார வேண்டும். மடியில் முதல் தட்டு இருக்க வேண்டும். இவர்கள் வீட்டில் அதுதான் முறை. தவசி மாமா அதற்காகவே திருச்சுழியிலிருந்து இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கியிருந்தார். அப்போதுதான் அம்மா சொன்னாள், முன்சீட்டில் நான்தான் உட்காருவேன் என்று.

மாமா முதலில் வேடிக்கை என்று நினைத்தார். பிறகு அவர் முகம் கறுத்தது. ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"எந்தங்கச்சி முத்துலட்சுமி எதுக்கும் முந்திக்கிட்டு நின்னவ இல்ல," என்று இப்போது கூடத்தில் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "வயசானா ஒரு ஆசை வரும்ல. முன்சீட்டு ஆசை."

அம்மா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். 

அப்பா ஓட்டும் காரில், பக்கத்து சீட்டிலிருந்து அம்மா பேசும் பேச்சு குடும்பத்தில் பிரசித்தம். வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை ஓயமாட்டாள். சைக்கிள் வருது. நாய் படுத்திருக்கு. பஸ்ஸு ஒதுங்குது. அருண் அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வைத்திருந்தான். அப்பா ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

மாரிக்கனி ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

*

அவளுக்கு ஆட்களிடம் கேட்பது வராது. கல்லூரியிலும் அப்படித்தான். கேள்வி தொண்டை வரைக்கும் வரும், மணி அடித்துவிடும். பொருள்களிடம் கேட்பது சுலபம். அவை காத்திருக்கும்.

கரிசல் கம்பத்தை இழுத்தது என்பது ஒரு ஊகம். சோதித்துப் பார்க்கலாம்.

கம்பங்கள் எல்லாம் ஈர்க்குச்சிகள். வெள்ளிப் பெயின்ட் அடித்தவை. லைனில் கரண்டு ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, நிஜம் மாறினால் இதுவும் மாற வேண்டும் என்று அப்பா நடத் தொடங்கினார். அருப்புக்கோட்டை ஸ்டேஷனை ஒட்டியவை முதலில் நட்டவை. திருச்சுழிப் பக்கம் போகப் போகப் புதியவை.

அப்பா அளந்து நடுவதில்லை. கண்ணால் பார்த்து நடுவார். நூலைத் தூக்கிப் பார்த்தே அதன் சன்னம் எத்தனையாம் நம்பர் என்று சொல்லுகிறவர். அளவுகோல் வைத்துக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அவள் அளந்தாள். தண்டவாளத்திலிருந்து ஒவ்வொரு கம்பமும் எவ்வளவு தள்ளி நிற்கிறது?

அருப்புக்கோட்டைப் பக்கம் எல்லாம் மூன்று சென்டிமீட்டர். கல்லில் செதுக்கியதுபோல. பாதித் தூரத்தில் ஆட்டம் தொடங்கியது. ஒன்று தள்ளிப் போயிருந்தது. அடுத்தது கிட்டே வந்திருந்தது. திருச்சுழிக்கு அப்பால் ஒரு கம்பம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. பெட்டி உரசியது அதில்தான்.

வெடிப்பு அந்தக் கம்பத்தின் அடியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. மண் முழுசாக இருந்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பத்தின் காலடியிலேயே வெடிப்பு ஓடியது. அது அசையவே இல்லை.

மண் இழுத்தால் எல்லாப் பக்கமும் இழுக்கும். அவள் இன்னொரு அளவை எடுத்தாள். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் இடையில், ரயில் போகிற திசையில்.

அது எங்கேயும் பிசகவில்லை. பழைய கம்பங்களிலும் சரி, புதியவற்றிலும் சரி.

மாரிக்கனி அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

இங்கே உட்கார்ந்தால் ரயில் இடமிருந்து வலமாகப் போகிறது. இடம் வலத்தில் தப்பு இல்லை. தன்னிடமிருந்து எதிர்ச்சுவர்ப் பக்கம் நீளும் தூரத்தில் மட்டும் தப்பு. எட்டம், கிட்டம். அதில் மட்டும்.

ஒருவருக்கு இப்படி மட்டும் தப்பு வருமா?

ஓரத்தில் குழைத்து வைத்த மண் கிண்ணத்தில் இருந்தது. ஒரு ஈர்க்குச்சியை எடுத்தாள். இன்னொரு ஈர்க்குச்சியை மண்ணில் நட்டாள். கையிலிருப்பதை அதன் தலையில் வைக்க வேண்டும். முனையோடு முனை. வைத்தாள். சுலபம்.

பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள்.

குச்சி வெறும் காற்றில் இறங்கியது. கிட்டே போட்டுவிட்டாள். மறுபடி முயன்றாள். இப்போது தாண்டிப் போய்விட்டது. இடமும் வலமும் சரியாகத்தான் இருந்தன.

அவள் கண்ணைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். திருச்சுழி ஸ்டேஷன் தட்டையாகிப் படம் ஆனது. பிறகு மறுபடி ஊர் ஆனது.

காலையில் ரயில் பெட்டியை வைக்க அப்பா தடுமாறியது நினைவுக்கு வந்தது. டம்ளர் இடது பக்கம் இருந்தது. சில காலமாக அவர் யாரோடு பேசினாலும் முகத்தை முழுக்கத் திருப்பிப் பேசுவது. மரியாதை கூடியிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

பிறகு அம்மாவின் ஆகாசவாணி. எடது பக்கம் சைக்கிளு. எடது பக்கம் நாயி. எடது பக்கம் பஸ்ஸு ஒதுங்குது.

அவள் யோசித்துப் பார்த்தாள். எத்தனையோ பயணம். ஒரு தடவைகூட வலது பக்கத்தில் எதுவும் வந்ததில்லை.

நாளைக்கு அந்த முன்சீட்டில் மாமா இருப்பார். நரிக்குடி வரைக்கும் இரண்டு பக்கமும் கருவேலம். எங்கே வேண்டுமானாலும் ஆடு இறங்கும்.

*

அம்மா வாழைப்பழச் சீப்பைத் தட்டில் வைத்து, திருப்பி வைத்து, மறுபடி திருப்பி வைத்தாள்.

"அம்மா."

"என்ன?"

தொண்டை வரைக்கும் வந்தது. மாரிக்கனி வேறொன்றைக் கேட்டாள். "முன்சீட்டு ஆசையா உனக்கு?"

முத்துலட்சுமி மகளைப் பார்த்தாள். கையிலிருந்த ஸ்கேலையும் பார்த்தாள்.

"மாடியில என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"கம்பம் அளந்தேன்."

"அளந்து?"

"கரிசல் இழுக்கல."

அம்மா வெற்றிலையை எண்ணாமலே அடுக்கினாள். கூடத்தில் மாமாவின் சிரிப்பு கேட்டது. அது ஓய்ந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"எங்கிட்டக் கேக்காத கனி. நான் வாக்குக் குடுத்திருக்கேன். கல்யாணம் முடியட்டும்."

"நாளைக்கு ஏழு பேர் போறோம்மா."

"தெரியும்."

"மாமா முன்னாடி உக்காந்தா?"

"தெரியும்னு சொல்றேன்ல." அம்மாவின் குரல் தணிந்தது. "உங்கண்ணனுக்கு விஷயம் தெரிஞ்சாப் போதும், கடையப் பூட்டிட்டு ரெண்டு பேரும் மெட்ராஸுக்குக் கிளம்புங்கம்பான். போன பொங்கலுக்கே சொன்னான்ல. அந்தக் கடை இல்லாம உங்கப்பா என்ன செய்வாக, சொல்லு."

மாரிக்கனி ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

"வேற டிரைவர் வச்சுக்கலாம்ல."

"வச்சா, ஏன்னு கேப்பாக." முத்துலட்சுமி தட்டை நகர்த்தினாள். "போ. போயி அந்த ரயிலையாவது ஓட்டி விடு."

*

மூன்று மணிக்குள் புதிய கம்பங்களையெல்லாம் பிடுங்கிவிட்டாள். அப்பாவின் கடைத் தறிநூல் ஒன்றைத் தண்டவாளத்துக்கு இணையாக விறைப்பாகக் கட்டி, அதை ஒட்டி ஒவ்வொன்றாக நட்டாள். பசை இறுகும்வரை விரலால் பிடித்துக்கொண்டாள். வேலை பிடித்திருந்தது. ஒரு வெடிப்பில் அரிசி ஆடு ஒன்று சிக்கிக் கிடந்தது. ஊசியால் எடுத்துக் கரையில் விட்டாள்.

பின்னால் ஆள் வந்து நிற்பது தெரிந்தது.

"எதுக்கு எல்லாத்தையும் மறுபடி நடுற?" என்றார் ராஜகுரு.

அவள் திரும்பவில்லை. "கரிசல் இழுத்திருச்சுப்பா."

அவர் அருகே வந்தார். விறைப்பாகக் கட்டிய நூலைப் பார்த்தார். விரலால் அதை ஒரு தடவை தட்டினார். அது அதிர்ந்து நின்றது.

"நாப்பதாம் நம்பர்," என்றார்.

"ம்."

"நூல் கட்டி நட்டா நல்லாத்தான் இருக்கு." நூலிலிருந்து விரலை எடுத்து, "எனக்குத் தோணல," என்றார்.

அருண் வந்தான். ரயில் அருப்புக்கோட்டையில் கிளம்பியது. தறிக்கூடம் தாண்டியது. கேட் தாண்டியது. திருச்சுழியில் கம்பங்களுக்கு நடுவே ஊசியில் நூல் கோத்ததுபோலப் போனது. நரிக்குடியில் நின்றது.

"ஒரே ஓட்டம்," என்றான் அருண். "கனி, நீ தெய்வம்."

ராஜகுரு ரயிலைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை முழுக்கத் திருப்பி.

*

ஐந்து மணிக்குத் தவசி மாமா செருப்பை மாட்டினார்.

"மாப்ள, பாளையம்பட்டிப் பக்கம் போயி வண்டிக்குக் காத்து அடிச்சிட்டு, அப்படியே மாலைக்குச் சொல்லிட்டு வந்துருவோம். நாளைக்குக் காலையில அவசரமாப் போயிரும்."

ராஜகுரு சாவியை எடுத்தார். அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நானும் வாரேன்."

"மாலை சொல்றதுக்கு நீ எதுக்கு முத்து?"

"வாரேன்னா வாரேன்."

அவள் முன்கதவில் கை வைப்பதற்குள் மாமா ஏறி உட்கார்ந்துவிட்டார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். "நாளைக்கு உக்காரப் போறேன்ல. ஒத்திகை."

அம்மா அவருக்குப் பின்னால் ஏறினாள். மாரிக்கனி யாரும் கூப்பிடாமலே அப்பாவுக்குப் பின்னால் ஏறினாள்.

தெருமுனை தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள். "எடது பக்கம் தள்ளுவண்டி."

"மாப்ள முப்பது வருசமா ஓட்டுறாரு," என்றார் மாமா. "நீ பேசாம வா."

"எடது பக்கம் ஸ்கூட்டி திரும்புது."

"முத்து. சம்பந்தி வீட்டு வாசல்லயும் இப்படித்தான் கூவுவியா? நாலு பேர் என்ன நினைப்பாக? வாயை மூடிக்கிட்டு வா."

அம்மா வாயை மூடினாள். மூடாவிட்டாலும் பயன் இருந்திருக்காது. மாமா பெரிய உடம்புக்காரர். அவர் தோளும் சீட்டின் தலையணையும் சேர்ந்து முன்பக்கத்தை மறைத்திருந்தன. அம்மா இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். முன்சீட்டின் விளிம்பைப் பிடித்து எம்பினாள்.

அப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். கழுத்தை அடிக்கடி இடது பக்கம் திருப்பினார். திருப்பும்போதெல்லாம் வலது பக்கம் அவர் பார்வையிலிருந்து போனது.

கடைகள் குறைந்தன. ரோட்டோரம் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதன் பின்னால் ஏதோ அசைந்தது. கறுப்பு. மாரிக்கனி இருந்த இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. அப்பாவின் முகம் நேராக இருந்தது. கால் பிரேக்குக்குப் போகவில்லை.

கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. இது கேள்விகூட இல்லை.

"எடது பக்கம் ஆட்டுக்குட்டிப்பா," என்றாள்.

அம்மா சொல்லுகிற மாதிரியே சொன்னாள். சத்தம் போடாமல், தாமதிக்காமல்.

வண்டி நின்றது. குட்டி பம்பரை ஒட்டிக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுக் கருவேலத்துக்குள் போனது.

மாமா சிரித்தார். "மகளும் ஆரம்பிச்சிருச்சா? நாளைக்கு ரெண்டு ரேடியோவா?"

 பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது.

கண்ணாடியில் அப்பாவின் முகம் இருந்தது. மாரிக்கனி வழக்கம்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"எடது பக்கம் மட்டும் சொன்னாப் போதும்லப்பா?" என்று கேட்டாள்.

ராஜகுரு வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார். சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் அம்மா. "வேணாம். கல்யாணம் முடியட்டும்னு நீங்கதான சொன்னீக."

"பிள்ள கம்பத்தையெல்லாம் பிடுங்கி நட்டுருச்சு முத்து. இனி என்ன."

"என்ன மாப்ள நடக்குது இங்க?" என்றார் மாமா. அவருடைய சிரிப்பு இன்னும் முழுசாக இறங்கவில்லை. "எந்தக் கம்பம்?"

ராஜகுரு அவரைப் பார்ப்பதற்காக முகத்தை முழுக்க இடது பக்கம் திருப்பினார்.

"இந்த வண்டிய ஒன்றரை வருசமா நான் மட்டும் ஓட்டல மச்சான். நீங்க உக்காந்திருக்க சீட்ல இருந்து உங்க தங்கச்சியும் சேந்துதான் ஓட்டுனா. எனக்கு எடது கண்ணு தெரியாது."